டிரான்ஸ்ஃபர் சண்டை: கோவை, திருப்பூர், ஈரோடு ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூன் பிறந்தால் போதும். கோவையில் எந்த பேக்கரி வாசலில் நின்றாலும் டீ கிளாஸும் கையுமாக ஒரு கால்பந்து டிரான்ஸ்ஃபர் சண்டை ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கிளப்பிலிருந்து ஆட்டக்காரரை இன்னொரு கிளப் வாங்குவதுதான் டிரான்ஸ்ஃபர். "அவனுக்குப் போய் இவ்வளவு காசா?" என்பார் ஒருவர். "இன்னும் ஒருத்தனையும் எடுக்கலையே, தூங்கறாங்களா?" என்பார் இன்னொருவர். வருஷத்துக்கு வருஷம் ஆள் மாறும், கிளப் மாறும், கேள்வி மட்டும் மாறாது. அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. இந்தப் பக்கம் பெரும்பாலோர் பார்ப்பது இங்கிலாந்து பிரீமியர் லீக் என்பதால் உதாரணங்களும் அதிகம் அங்கிருந்துதான். தொகைகள் பவுண்டில் இருக்கும். 2025 நிலவரப்படி 1 கோடி பவுண்டு என்றால் ஏறத்தாழ 115 கோடி ரூபாய் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோ எப்போ திறக்கும், எப்போ மூடும்?

விண்டோ என்றால் ஆள் வாங்க, விற்க அனுமதி இருக்கும் காலம். வருஷத்துக்கு இரண்டு முறை. கோடையில் ஒரு நீளமான விண்டோ, ஜனவரியில் ஒரு மாதத்துக்கு இன்னொன்று. இங்கிலாந்தில் இந்த முறை 2002-03 சீசனில்தான் வந்தது. அதற்கு முன்னால் சீசன் ஓடும்போதே மார்ச் கடைசி வரை ஆள் வாங்கலாம், விற்கலாம். 2025 கோடையில் கிளப் உலகக் கோப்பை வந்ததால் ஜூன் 1 முதல் 10 வரை தனியாக ஒரு குட்டி விண்டோ திறந்து மூடினார்கள். அப்புறம் ஜூன் 16 முதல் செப்டம்பர் 1 வரை வழக்கமானது.

வழக்கமாகக் கடைசி நாளில் அங்கே இரவு 11 மணிக்கு மூடி வந்தார்கள். கோடையில் அது நமக்கு விடிகாலை 3.30. திருப்பூரில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் நண்பர்கள்தான் பல வருஷம் கடைசி நிமிடச் செய்தியை நம் எல்லோருக்கும் முன்னால் பார்த்தவர்கள். 2025 செப்டம்பர் 1 அன்று அங்கே மாலை 7 மணிக்கே மூடிவிட்டார்கள். நமக்கு இரவு 11.30. தூக்கம் கெடாமல் முடிந்த அபூர்வமான வருஷம்.

ஒரு பிளேயருக்கு இதுதான் விலை என்று யார் முடிவு செய்கிறார்கள்?

யாரும் இல்லை. டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் என்பது ஆளுக்கான விலை என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒப்பந்தத்தை நடுவில் முறிக்க விட்டுக்கொடுப்பதற்கான ஈடு. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் ஈடும் கிடையாது. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் சொன்ன தீர்ப்பு இதைத்தான் உறுதி செய்தது. அதனால் ஒரே ஆட்டக்காரருக்கு ஒப்பந்தத்தில் நான்கு வருஷம் மீதி இருந்தால் ஒரு விலை, ஒரு வருஷம் மீதி இருந்தால் வேறு விலை. வயது, காயம், கோல் கணக்கு எல்லாம் இதற்கு அப்புறம்தான் வரும்.

எம்பாப்பேயைப் பாருங்கள். 2017-ல் மொனாக்கோவிலிருந்து அவரைக் கொண்டுவர பாரிஸ் கிளப் பிஎஸ்ஜி ஒப்புக்கொண்டது 18 கோடி யூரோ. 2024-ல் அவர் ரியல் மாட்ரிட்டுக்குப் போனபோது பிஎஸ்ஜிக்கு ஃபீஸாக ஒரு யூரோகூட வரவில்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த உதாரணம் அலெக்சாண்டர்-ஆர்னால்டு. லிவர்பூலில் அவருடைய ஒப்பந்தம் 2025 ஜூன் 30 அன்று முடிய இருந்தது. ஒரு மாதம் பொறுத்தால் ரியல் மாட்ரிட்டுக்கு இலவசம். ஆனால் ஜூன் நடுவில் கிளப் உலகக் கோப்பை. அதில் அவரை இறக்க வேண்டும் என்பதற்காக அந்த ஒரே மாதத்துக்கு ஏறத்தாழ 1 கோடி யூரோ கொடுத்தார்கள். நாளுக்குக் காசு கொடுப்பது என்றால் இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கேட்ட விலையைக் கொடுத்து முதல் வாரத்திலேயே முடித்தால் என்னங்க?

முடிக்கலாம். சில சமயம் அதுதான் புத்திசாலித்தனமும்கூட. ஆனால் பேரம் பேசும் இரண்டு பேருக்கும் எதிராளி எதுவரை வருவார் என்பது தெரியாது. அதோடு, இவர்கள் கொடுக்கும் விலையை அடுத்து விற்க வருகிறவனும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தொகை தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அந்தத் துண்டு. தெரிந்துவிட்டால் அடுத்த மாட்டுக்காரன் அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்குவான். கால்பந்துக் கிளப்புகளுக்கும் அதே பயம் உண்டு, ஆனால் மறைக்கத் துண்டுதான் இல்லை. யாரிடம் எவ்வளவு காசு வரப்போகிறது என்பது மறுநாள் காலைக்குள் உலகத்துக்கே தெரிந்துவிடும்.

2025 ஆகஸ்டில் நியூகாசில் மாட்டியது இப்படித்தான். அவர்களுடைய ஐசக் லிவர்பூலுக்குப் போய்விடுவார், பெரிய தொகை உள்ளே வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரென்ட்ஃபோர்டின் விஸ்ஸாவுக்கு 4 கோடியை ஒட்டி நியூகாசில் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். கடைசி நாளில் முடிந்தது சுமார் 5.5 கோடிக்கு. அதற்குள் விஸ்ஸா திடீரென்று நல்ல ஆட்டக்காரர் ஆகிவிடவில்லை. வாங்குகிறவனுக்கு அவசரம் கூடியது, அவ்வளவுதான்.

குறைத்துக் கேட்பதிலும் ஒரு அளவு இருக்கிறது. 2013 ஜூலையில் லிவர்பூலின் சுவாரஸுக்காக ஆர்சனல் 4 கோடியே 1 பவுண்டு என்று ஆஃபர் வைத்தது. 4 கோடிக்கு மேல் ஆஃபர் வந்தால் விட்டுவிட வேண்டும் என்று அவர் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது என்று நம்பி, அதற்கு மேல் சரியாக ஒரு பவுண்டு. லிவர்பூல் உரிமையாளர் ஜான் ஹென்றி, எமிரேட்ஸில் (அதுதான் ஆர்சனல் மைதானம்) என்னத்தைப் புகைக்கிறார்கள் என்று பொதுவெளியிலேயே கேலி செய்தார். சுவாரஸ் போகவில்லை. அடுத்த சீசன் 31 லீக் கோல் அடித்துவிட்டு, அதைவிட மிகப் பெரிய தொகைக்கு பார்சிலோனா போனார். அந்த ஒற்றை பவுண்டைச் சொல்லி ஆர்சனல் ரசிகர்களை இன்றைக்கும் ஓட்டலாம். நானும் ஓட்டியிருக்கிறேன்.

ஒரே பிளேயருக்கு ஒரு பத்திரிகை 10 கோடி என்கிறது, இன்னொன்று 11.5 கோடி என்கிறது. எது பொய்?

பெரும்பாலும் இரண்டுமே உண்மைதான். கைசெடோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் பிரைட்டனிலிருந்து செல்சீ அவரை எடுத்தது உறுதியான தொகையாக 10 கோடிக்கு. அணி எதையாவது வென்றால், இத்தனை ஆட்டம் ஆடினால் என்று நிபந்தனையோடு இன்னும் 1.5 கோடி. விற்றவர்கள் தங்கள் ரசிகர்களைச் சமாதானப்படுத்த 11.5 என்பார்கள். வாங்கியவர்கள் பக்கத்திலிருந்து 10 என்று செய்தி கசியும். வெர்ட்ஸுக்கு லிவர்பூல் ஒப்புக்கொண்டதும் இதே மாதிரி 10 கோடியும், நிபந்தனையோடு 1.6 கோடியும்.

இந்தக் கூடுதல் தொகையில் இரண்டு வகை இருக்கிறது. 'இருபது ஆட்டம் ஆடினால்' என்பது எப்படியும் கொடுக்க வேண்டி வரும் காசு. 'தங்கப் பந்து விருதுக்கான பட்டியலில் வந்தால்' என்பது ஆசை காட்டும் காசு. 2015-ல் மார்சியாலை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றபோது மொனாக்கோ இரண்டாம் வகையையும் எழுதி வாங்கியது. அந்த விருது நிபந்தனைக்கான காசு கடைசிவரை வரவில்லை. செய்தியில் "எல்லாம் சேர்த்து" என்று ஒரு பெரிய எண் வந்தால், அதில் எவ்வளவு உறுதியான தொகை என்று தேடிப் பாருங்கள். நம் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

10 கோடி பவுண்டை மொத்தமாகவா கொடுப்பார்கள்?

இல்லை. தவணைதான். சில பேரங்கள் தொகையில் சிக்குவதில்லை, தவணையில்தான் சிக்குகின்றன. 2023-ல் டெக்லான் ரைஸ் விஷயத்தில் ஆர்சனலும் வெஸ்ட் ஹாமும் 10 கோடியும் மேலே 50 லட்சமும் என்று தொகைக்கு வந்த பிறகும், எத்தனை மாதத்தில் கட்டுவது என்பதில் இழுபறி இருந்தது. விற்கும் கிளப்புக்கு அந்தக் காசை வைத்து உடனே மாற்று ஆள் வாங்க வேண்டும். அதனால் ரொக்கம் எப்போது கைக்கு வரும் என்பது தொகை அளவுக்கே முக்கியம்.

கணக்கில் எழுதுவது வேறு. 10 கோடிக்கு வாங்கி 5 வருஷ ஒப்பந்தம் போட்டால், ஏட்டில் வருஷத்துக்கு 2 கோடி செலவு. இரண்டு வருஷம் கழித்து ஏட்டு மதிப்பு 6 கோடி. அப்போது 7 கோடிக்கு விற்றால், 10-க்கு வாங்கி 7-க்கு விற்றவன் என்று நாம் சிரிப்போம். ஏட்டில் அது 1 கோடி லாபம்! செல்சீ 2023 ஜனவரியில் முட்ரிக், என்சோ ஃபெர்னாண்டஸ் இருவருக்கும் எட்டரை வருஷ ஒப்பந்தம் போட்டது இந்தக் கணக்கை மெல்லிசாகப் பரப்பத்தான். அப்புறம் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பும் பிரீமியர் லீகும் அதே ஆண்டில் விதியை மாற்றின. ஒப்பந்தம் எத்தனை வருஷமானாலும் போடலாம், ஏட்டில் 5 வருஷத்துக்கு மேல் பரப்பக் கூடாது.

சொந்த அகாடமிப் பையன்களை ஏன் விற்கிறார்கள் என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. வாங்கிய விலை பூஜ்ஜியம். விற்கும் தொகை மொத்தமும் லாபம். பத்து வயதில் சேர்ந்து வளர்ந்த பையனை விற்பது ரசிகனுக்கு வயிற்றெரிச்சல். கணக்குப் பிள்ளைக்கு அதைவிட நல்ல வியாபாரம் கிடையாது.

ஜூன் 30-க்கு முன்னால் மட்டும் புரியாத வியாபாரமெல்லாம் ஏன் நடக்கிறது?

கிளப்புகளின் கணக்கு ஆண்டு பெரும்பாலும் அன்றோடு முடிகிறது. பிரீமியர் லீகில் மூன்று வருஷத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. கீழ் லீகிலிருந்து வந்தவர்களுக்கு வரம்பு இன்னும் குறைவு. மீறினால் புள்ளி போகும். எவர்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளி வெட்டி, அப்பீலில் 6 ஆக்கி, அப்புறம் இன்னொரு மீறலுக்கு 2 வெட்டினார்கள். 2026-27 முதல் வேறு கணக்கு முறைக்கு மாற கிளப்புகள் 2025 நவம்பரில் வாக்களித்துவிட்டன. ஆனாலும் நாம் இதுவரை போட்ட சண்டைகள் புரிய பழைய விதி தெரிய வேண்டும்.

இதில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2023 கோடையில் அவர்களிடம் பிரென்னன் ஜான்சன் இருந்தார். எட்டு வயதிலிருந்து அங்கேயே வளர்ந்தவர், ஆகவே விற்றால் முழு லாபம். ஜூன் 30-க்குள் விற்றால் கணக்கு நேராகிவிடும். ஆனால் அப்போது வந்த விலை குறைவு. காத்திருந்தார்கள். செப்டம்பர் 1, விண்டோவின் கடைசி நாள், 4.75 கோடிக்கு டாட்டனம் வாங்கியது. வியாபாரமாகப் பார்த்தால் அருமையான பேரம். ஆனால் அந்தக் காசு அடுத்த வருஷக் கணக்கில் போய் விழுந்தது. முடிந்த மூன்று வருஷக் கணக்கில் அவர்களுக்கான வரம்பு 6.1 கோடி, மீறியது 3.45 கோடி. நல்ல விலைக்காகத்தானே பொறுத்தோம் என்று அவர்கள் வாதாடியதை விசாரணைக் குழு ஏற்கவில்லை. 2024 மார்ச்சில் 4 புள்ளி போனது. தட்டுத்தடுமாறித்தான் லீகில் தங்கினார்கள்.

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் ஃபாரஸ்ட் மேல் கொஞ்சம் பரிதாபம் வரும். நிதியைக் காப்பாற்ற வந்த விதி, பொருளை மலிவாகத் தள்ளிவிடு என்று சொன்னது மாதிரி ஆகிவிட்டது. ஆனால் விதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே தேதிக்குள் கணக்கை முடித்த மற்ற கிளப்புகளுக்கு என்ன பதில் சொல்வது?

அடுத்த வருஷம் எல்லோரும் பாடம் கற்றுக்கொண்டார்கள். 2024 ஜூன் கடைசியில் செல்சீயின் மாட்சன் 3.75 கோடிக்கு ஆஸ்டன் வில்லாவுக்கு, வில்லாவின் கெல்லிமன் 1.9 கோடிக்கு செல்சீக்கு. கெல்லிமனுக்கு அப்போது 18 வயது, சீனியர் அணிக்கு ஆடியது விரல்விட்டு எண்ணும் ஆட்டங்கள். "இந்தப் பையனுக்கு 200 கோடி ரூபாயா" என்று கேட்டால் அது தப்பான இடத்தில் கேட்கும் கேள்வி. அங்கே இருவரும் வாங்கியது ஜூன் 30 என்ற தேதியை.

சரி, சீக்கிரம் வாங்குவது நல்லதா, கடைசி வரை பொறுப்பது நல்லதா?

நம் சண்டையெல்லாம் வந்து நிற்கும் இடம் இதுதான். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலையையும் நாளையும் பிரித்துப் பேசவே முடியாது. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் மற்றதை வாங்க முடியும். யாருக்கு அவசரம் அதிகமோ அவர்தான் கூடக் கொடுப்பார்.

சும்மா பொறுத்திருந்து ஏமாந்ததற்குப் பாடம் ஃபெலைனி. 2013-ல் எவர்டனில் அவருடைய ஒப்பந்தத்தில் 2.35 கோடி கொடுத்தால் விட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அது செல்லுபடியாகும் கடைசி நாள் ஜூலை 31. மான்செஸ்டர் யுனைடெட் அதை விட்டுவிட்டு, செப்டம்பர் 2 அன்று 2.75 கோடி கொடுத்து அதே ஆளை வாங்கியது. அவர்களுடைய மேனேஜர் மோயஸ் அதற்கு முந்தைய சீசன் வரை எவர்டனில் இருந்தவர். ஆளையும் தெரியும், ஊரையும் தெரியும், ஆனாலும் 40 லட்சம் கூட. யுனைடெட் ரசிகர்களிடம் இதை எடுத்தால் ஆண்டனி பேச்சையும் அவர்களே எடுத்துவிடுவார்கள். 2022 ஆகஸ்ட் 30 அன்று அயாக்ஸுக்கு 9.5 கோடி யூரோ. சீசன் தொடங்கி முதல் இரண்டு ஆட்டமும் தோற்றபின் கையை நீட்டினால் எதிராளி விலையைக் குறைப்பானா? மூன்று வருஷம் கழித்து ரியல் பெட்டிஸுக்கு அதில் கால் பங்கு அளவுக்குத்தான் விற்றார்கள்.

பொறுத்து வென்றதற்கு சவுத்தாம்டன் டிஃபெண்டர் வான் டைக். 2017 ஜூனில், அனுமதியில்லாமல் தங்கள் ஆளிடம் பேசினார்கள் என்று சவுத்தாம்டன் புகார் செய்ய வந்ததும் லிவர்பூல் மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது. கோடை முழுக்க வேறு டிஃபெண்டரை எடுக்கச் சொல்லி ரசிகர்கள் கத்தினார்கள். எடுக்கவில்லை. ஜனவரியில் அதே ஆளை 7.5 கோடிக்கு எடுத்தார்கள். அன்று டிஃபெண்டருக்கு அது உலக அளவில் பெரிய தொகை. 2019-ல் சாம்பியன்ஸ் லீக் வென்றபோது யாரும் விலையைப் பேசவில்லை. ஆனால் கவனியுங்கள், இதில் அரை சீசன் போனது. அதைத் தாங்கும் தெம்பு அந்த அணிக்கு இருந்தது. கீழ் லீகுக்கு விழும் பயத்தில் இருக்கும் அணிக்கு அந்த வசதி கிடையாது.

ஐசக் விஷயம் நடுவில் நிற்கிறது. 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் லிவர்பூலின் 11 கோடி ஆஃபரை நியூகாசில் தள்ளியது. செப்டம்பர் 1 அன்று 12.5 கோடிக்கு முடிந்தது, பிரிட்டனில் அதுவரை இல்லாத தொகை. ஒரு மாதத்தில் 1.5 கோடி ஏறியது என்று மட்டும் பேசுகிறோம். பெரிய நஷ்டம் வேறு. நியூகாசிலோடும் பயிற்சி இல்லை, லிவர்பூலோடும் இல்லை, முன்சீசன் முழுக்க வீண். லீகில் லிவர்பூலுக்கு அவருடைய முதல் கோல் நவம்பர் 30 அன்று வெஸ்ட் ஹாமோடுதான் வந்தது. தாமதத்தின் விலை செக்கில் தெரியாது, நவம்பரில் புள்ளிப் பட்டியலில் தெரியும்.

விற்கிறவர்களும் இப்படி இழப்பதுண்டு. அதே செப்டம்பர் 1 அன்று கிரிஸ்டல் பேலஸின் கேஹி 3.5 கோடிக்கு லிவர்பூல் போவது ஏறத்தாழ முடிந்துவிட்டது. மாற்று ஆள் கடைசி நேரத்தில் கைநழுவியதால் பேலஸ் நிறுத்திவிட்டது. அவருடைய ஒப்பந்தம் 2026 ஜூனோடு முடிய இருந்தது. ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டிக்கு சுமார் 2 கோடிக்குப் போனார். பேலஸ் செய்தது முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். நான்கு மாதம் தங்கள் கேப்டனை வைத்துக்கொள்ள 1.5 கோடி கொடுத்தார்கள் என்றுதான் பார்க்கிறேன். அது கட்டுபடியா என்று பேலஸ் ரசிகர்தான் சொல்ல வேண்டும். கோவையில் ஒரு பேலஸ் ரசிகரைக் கண்டுபிடிப்பது வேறு கதை.

ரிலீஸ் கிளாஸ் இருந்தால் பேரமே வேண்டாமே?

ரிலீஸ் கிளாஸ் என்பது இவ்வளவு கொடுத்தால் ஆளை விட்டுவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதும் வரி. தொகையில் பேரம் கிடையாது, மற்றதில் உண்டு. ஸ்பெயினில் இது சட்டப்படியே வருவது. அங்கே ஆட்டக்காரர் தரப்பே காசைக் கட்டி ஒப்பந்தத்திலிருந்து வெளியே வரலாம். 2017 ஆகஸ்டில் நெய்மாருக்கு 22.2 கோடி யூரோ. வக்கீல்கள் செக்கோடு லா லிகா அலுவலகம் போக, அவர்கள் வாங்க மறுக்க, நேராக பார்சிலோனா அலுவலகத்திலேயே போய்க் கட்டினார்கள். இங்கிலாந்தில் கிளாஸ் கட்டாயமில்லை. இருந்தால் பெரும்பாலும் தேதியோடு இருக்கும். ஃபெலைனி ஞாபகம் இருக்கிறதல்லவா?

இன்னொன்று. கிளாஸ் வழியாகப் போனால் முழுத் தொகையும் பொதுவாக ரொக்கம். தவணை வேண்டுமென்றால் கொஞ்சம் கூடக் கொடுத்துப் பேசத்தான் வேண்டும்.

ஃபாப்ரிசியோ ரொமானோ "ஹியர் வி கோ" போட்டுவிட்டால் முடிந்த மாதிரிதானே?

ரொமானோ டிரான்ஸ்ஃபர் செய்தி தரும் பத்திரிகையாளர், பேரம் முடிந்தது என்று சொல்ல அவர் போடும் வாசகம் அது. பெரும்பாலும் ஆமாம். ஆனால் கையெழுத்து கையெழுத்துதான். 2013-ல் வில்லியன் டாட்டனமில் மெடிக்கலே முடித்துவிட்டு செல்சீக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். கைசெடோவுக்கு லிவர்பூல் பிரைட்டனோடு 11.1 கோடிக்கு ஒப்புக்கொண்டு முடித்தது. ஆட்டக்காரர் செல்சீதான் வேண்டும் என்றுவிட்டார். கிளப்புகள் இரண்டும் ஒத்துக்கொண்டால் போதாது, மூன்றாவதாக ஒரு மனிதன் இருக்கிறான்.

கடைசி நாளில் கடைசி நிமிடத்தில் அப்படி என்னதான் செய்கிறார்கள்?

காகிதம். கிளப்புகளுக்கு இடையே ஒன்று, ஆட்டக்காரரோடு ஒன்று, ஏஜென்ட் கமிஷனுக்கு ஒன்று, மெடிக்கல் அறிக்கை, நாடு விட்டு நாடு என்றால் ஃபிஃபாவின் கணினி முறையில் இரண்டு கிளப்பும் ஒரே விவரத்தை ஏற்ற வேண்டும். இங்கிலாந்தில் பேரம் முடிந்துவிட்டது என்று ஒரு தாளை நேரத்துக்குள் அனுப்பிவிட்டால் மீதியை முடிக்கக் கூடுதலாக இரண்டு மணி நேரம் தருவார்கள்.

2015 ஆகஸ்ட் 31 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டின் டே ஹேயா ரியல் மாட்ரிட் போவது இந்தக் காகிதத்தில்தான் நின்றது. இரண்டு கிளப்பும் ஒன்றை ஒன்று குறை சொன்னன. 2017-ல் அட்ரியன் சில்வாவின் பதிவை லெஸ்டர் 14 விநாடி தாமதமாக அனுப்பியது. ஃபிஃபா ஏற்கவில்லை, ஜனவரி வரை அவர் ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார். வாங்கிய கிளப்பில் சம்பளம், மைதானத்துக்கு வெளியே இடம்.

2013 ஜனவரியில் ஒடெம்விங்கி என்ற ஆட்டக்காரர் தன் கிளப் அனுமதி வாங்காமலே காரை ஓட்டிக்கொண்டு, தன்னை வாங்கப் பார்த்த க்யூபிஆர் கிளப்பின் மைதானத்துக்கே போய்விட்டார். பேரம் முடியவில்லை, கேமராக்களுக்கு முன்னால் திரும்பிப் போனார். இதைச் சொல்லாமல் கடைசி நாளைப் பற்றி எழுதக் கூடாது என்று ஒரு எழுதாத விதி இருக்கிறது.

ஆட்டக்காரர் பயிற்சிக்கு வராமல் மல்லுக்கு நிற்பது நியாயமா?

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கிளப் பக்கம் யோக்கியம் என்றும் சொல்ல முடியாது. வேண்டாத ஆட்டக்காரரைத் தனியாகப் பயிற்சி செய்ய வைத்து, வந்த விலைக்குப் போய்விடு என்று நெருக்கும் கிளப்புகள் எத்தனை! அப்போது நாம் "நல்ல பிசினஸ்" என்கிறோம்.

நம் ஊர்ப் பக்கம் இந்த மாதிரி டிரான்ஸ்ஃபர் கதை ஏதாவது உண்டா?

உண்டுங்க. சென்னை சிட்டி எஃப்சி. பெயரில்தான் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனார்கள். ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி பின்னால். அன்று ஸ்டேடியத்தில் இருந்தவர்களை இன்றைக்கும் தனியாகத் தெரியும், பேச்சை எங்கே தொடங்கினாலும் அந்த மேட்சுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். வாளையார் தாண்டி வந்த பாலக்காட்டு நண்பர்கள்கூட அன்று வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் இந்தக் கேள்விக்கான பதில். எட்வின் வன்ஸ்பால் சென்னையின் எஃப்சிக்குப் போனார். கோல் மழை பொழிந்த பெட்ரோ மான்சி அடுத்த சீசன் நடுவில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். அதே அணியின் நெஸ்டர் விஷயம் வழக்காகவே ஆனது. ஒப்பந்தம் இருக்கும்போதே வேறு கிளப்போடு முடித்துவிட்டார் என்ற புகாரில் அகில இந்தியக் கூட்டமைப்பின் குழு அவருக்கு 4 மாதம் தடை விதித்தது. சாம்பியன் ஆன அணியை ஒரு வருஷம்கூடச் சேர்த்து வைக்க முடியவில்லை. நீளமான ஒப்பந்தம் போட வசதியில்லாத கிளப்புக்கு விற்கும் நாளையும் தேர்ந்தெடுக்க முடியாது, விலையையும் சொல்ல முடியாது.

நம் பையன் ஒருத்தன் பெரிய கிளப்புக்குப் போனால், சின்ன வயதில் சொல்லிக்கொடுத்த அகாடமிக்கு ஏதாவது வருமா?

வரும், பலருக்கு இது தெரியாது. நாடு விட்டு நாடு போகும் டிரான்ஸ்ஃபரில் ஃபீஸ் தொகையில் 5 சதவீதத்தை, அந்த ஆட்டக்காரர் 12 முதல் 23 வயது வரை ஆடிய கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை வருஷத்துக்கு மொத்த ஃபீஸில் 0.25 சதவீதம், 16-லிருந்து வருஷத்துக்கு 0.5 சதவீதம். பொள்ளாச்சியில் ஒரு அகாடமி ஒரு பையனை அந்த முதல் நான்கு வருஷம் வளர்த்து, பின்னாளில் அவன் 10 கோடி ரூபாய்க்கு வெளிநாட்டுக் கிளப்புக்கு மாறினால், அகாடமிக்கு 10 லட்சம்.

ஒரே நிபந்தனை, அந்த வருஷங்களில் பையன் பெயர் கூட்டமைப்பில் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். டர்ஃபில் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்தால் மட்டும் கணக்கில் வராது. பெற்றோரும் கோச்சும் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பதிவைத்தான்.

புது பிளேயர் பேர் போட்ட ஜெர்சியை எப்போ அடிக்கலாம்?

திருப்பூர் காதர்பேட்டையில் ஜெர்சி எடுத்து, பக்கத்திலேயே பெயரும் எண்ணும் ஹீட் பிரஸ்ஸில் ஒட்டி வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. ஒட்டிய எழுத்தை உரித்தால் துணியில் தடம் நிற்கும், ஆகவே அவசரப்படாதீர்கள். பெயர் உறுதியானால் மட்டும் போதாது, எண்ணும் வர வேண்டும். வெர்ட்ஸை லிவர்பூல் 2025 ஜூன் 20 அன்று அறிவித்தது. லெவர்குசனில் அவர் எண் 10. ஆனால் லிவர்பூலில் 10 மாக் அலிஸ்டரிடம் இருந்தது. 7 வைத்திருந்த லூயிஸ் டியாஸ் பயர்ன் மியூனிக் போனபிறகுதான் வெர்ட்ஸுக்கு 7 கிடைத்தது. நடுவில் இருந்த அந்த ஆறு வாரத்தில் 10 போட்டு அடித்தவர்கள் இருக்கிறார்கள். கிளப் தன் பக்கத்தில் எண்ணை அறிவித்த பிறகு அடியுங்கள். அதுவரை பின்பக்கம் காலியாகவே இருக்கட்டும்.